பதினோராவது மன்னன்

கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவனின் மகன்
ஷீர்மர்த் அமீரானது ஒரு செவ்வாய்க்கிழமை.
புதன் விடியுமுன்
என் கதவைத் தட்டினார்கள்.

"எனக்கு ஒரு பாட்டன் வேண்டும்" என்றார்.
"கிரீடம் வைத்த பாட்டன்."
நகக்கண்களில் இன்னும் கரி இருந்தது.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

அல்போர்ஸ் மலையின் வடசரிவில் எங்கள் கோட்டை.
ஆண்டில் பாதி பனி,
மீதிப் பாதி காஸ்பியனிலிருந்து ஏறிவரும் மூடுபனி.
கீழே கணவாய்ப் பாறையில்
யாரோ செதுக்கிய பழைய ராஜா, குதிரைமேல்.
மூக்கை மழை தின்றுவிட்டது.
தாடியில் தேன்கூடு.
இடையர்கள் அவரை ஆதர்வந்த் என்பார்கள்;
ஆற்றைச் சாட்டையால் அடித்துத் திருப்பியவராம்.

"அவரே போதும்" என்றார் அமீர்.
"அவரிடமிருந்து என் தகப்பன்வரை
படி கட்டிக் கொண்டுவா."

கணக்குப் போட்டேன். பதினேழு படி.
முதல் நான்கு பெயர்கள்
தேய்ந்த வெள்ளிக்காசுகளில் கிடைத்தன.
ஐந்தாவது, நாங்கள் கடனுக்கு ரொட்டி வாங்கும் கடைக்காரன்.
ஆறாவது என் கோவேறு கழுதை;
பிடிவாதத்தில் அது எந்த அரசனுக்கும் குறைந்ததில்லை.
ஒருவனை வேட்டையில் கொன்றேன்,
ஒருவனை அண்ணன் கையால்.
இரட்டையர் இருவரை ஒரே சிம்மாசனத்தில் உட்காரவைத்து
வேண்டாம் என்று அடித்தேன்.
விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. ஊற்றினேன்.

பதினொன்றில் பேனா நின்றது.
முனையில் மை காயும்வரை நின்றது.
மிஹ்ரக் என்று எழுதினேன்.

மிஹ்ரக் என் மகன்.
நான்கு வயதும் சில வாரங்களும்.
அம்மை வந்த குளிர்காலத்தில்
மண் உறைந்து கடப்பாரை இறங்காமல்
மூன்று நாள் காத்திருந்து புதைத்தோம்.

அவனுக்கு நாற்பது ஆண்டு ஆட்சி கொடுத்தேன்.
யார் கட்டியதென்று எவருக்கும் தெரியாத
ஆற்றுப்பாலத்தைக் கொடுத்தேன்.
மாதுளைக்கு வரி கிடையாது என்று ஒரு சட்டம்.
மாதுளை என்றால் அவனுக்கு உயிர்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில்
பதினேழு பெயரையும் உரக்கப் படித்தார் கதீப்.
பதினொன்றாவது வந்தபோது
பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் ஓர் இருமல்.
நாஸ்பானுவின் இருமல் எனக்குத் தெரியும்.
வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒன்றுதான்:
"ஏன் நாற்பதோடு நிறுத்தினீர்கள்?"

ஆறு ஆண்டு.
ஹம்மாமின் நீராவிக்குள்
ஷீர்மர்த்தை அவர் மெய்க்காவலனே குத்தினான்.
ஆமு நதிக்கு அப்பாலிருந்து
குதிரைகளோடு யால்பார்ஸ் வந்தார்.
நாணயச்சாலையில் பழைய பெயரை உருக்கினார்கள்.
வாசற்கல்லில் சுரண்டினார்கள்.
சந்தைக்காரன் ஒருவன் இரண்டு பக்கமும் தெரியாமல் வாழ்த்திவிட்டு
பல்லை இழந்தான்.
பிறகு, கதவு தட்டும் சத்தம்.

"கரிக்காரன் வேண்டாம்" என்றார் புதியவர்,
எங்கள் மொழியை எலும்பு கடிப்பதுபோலக் கடித்து.
"பாலம் கட்டினாரே, மாதுளைக்கு வரி தள்ளினாரே,
அந்த நியாயவான். என் தாய்
அவர் வழி வந்தவள் என்று எழுது."
எழுதினேன்.
"அவர் சமாதி எங்கே?"

ஏதோ ஒரு மேட்டைக் காட்டியிருக்கலாம்.
பொய் எனக்குப் பழகிய தொழில்தானே.
ஆனாலும் கால்கள் முசுக்கட்டை மரத்தடிக்குப் போயின.
அந்த நெடிய மனிதர் குதிரையைவிட்டு இறங்கி
தலைப்பாகை மண்ணில் படக் குனிந்தார்.
பின்னால் நூறு வீரர்கள் குனிந்தார்கள்.

இப்போது அங்கே செங்கல் கோபுரம் எழும்புகிறது.
சூளைப் புகை மரத்தில் படிகிறது.
நேற்றுக் கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டு வந்தார்.
"மன்னர் எத்தனை முழம் இருப்பார்?
கல்லறை அளவு சொல்லுங்கள்."

"ஏழு முழம் வையுங்கள்" என்றேன்.
"அவ்வளவு உயரமா?"
"இல்லை.
தூக்கத்தில் புரளுவான்."